ஊதுங்க

ஜனவரி 2, வெள்ளி

நூல் கடைக்காரர் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார். வருஷா வருஷம் அதில் ஜாக்கெட் அளவுதான் எழுதுவேன். இந்த வருஷம் அளவுக்குத் தனி நோட்டு வாங்கிவிட்டேன். இதில் வேறு எழுதப் போகிறேன். வேறு என்றால் என்ன என்று எனக்கே தெரியாது. மெஷினில் உட்கார்ந்து நாள் பூராவும் ஊர்க் கதையைக் கேட்கிறவளுக்குத் தன் கதையைச் சொல்ல ஒரு இடம் வேண்டாமா.

எதிர்வீட்டு லில்லி டீச்சர் இன்று புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொண்டுவந்தாள். போகும்போது, "உங்க வீட்டுக்காரர் என்ன பஞ்சவர்ணம், புது மாப்பிள்ளை கணக்கா செவந்துக்கிட்டே வர்றாக" என்றாள். சிரித்து வைத்தேன்.

இவர் கறுத்த ஆள். மானாமதுரை வெயிலில் பஸ் ஓட்டுகிற மனுஷன் சிவக்க நியாயமே இல்லை. டீச்சர் சொன்னதும் பொய் இல்லை. கொஞ்ச நாளாகவே முகம் புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி இருக்கிறது. கண் சிவப்பு. உள்ளங்கை சிவப்பு. இந்த நிறத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து வருஷக்கணக்கில் பார்த்தேன்.

அது நின்றது எல்லைமுனி கோயிலில் கயிறு கட்டின பிறகு. எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவன் முனி முன்னால் சத்தியம் பண்ணி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வான். கயிறோடு குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்பார்கள். இவர் கட்டி ஆறு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் எனக்கு முனி மேல் இருந்த நம்பிக்கை இவர் மேல் இல்லை. டூட்டி முடிந்து வந்தால் வாசல்படியிலேயே நிற்க வைப்பேன். "ஊதுங்க" என்பேன். என் முகத்துக்கு நேரே ஊதுவார். வாசம் இல்லை என்றால் "சரி, உள்ள வாங்க" என்பேன். ரொம்ப நாள் இப்படி நடந்தது. அப்புறம் எனக்கே வெட்கமாகி விட்டுவிட்டேன்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன். ஒன்றும் இல்லை. டீச்சர் சொன்னாள், ஞாபகம் வந்தது.

ஜனவரி 5, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. பாவாடை மூன்று முடித்தேன். ஓவர்லாக் மெஷின் மறுபடி நூலை அறுக்கிறது.

இவர் குளித்துவிட்டு வந்து துடைத்த துண்டாலேயே பரபரவென்று தேய்த்துக்கொள்கிறார். கை, முதுகு, தொடை. சோப்பு மாற்றியாகிவிட்டது. வேப்பிலை போட்டு வெந்நீர் வைத்தேன், இன்னும் மோசம். "தண்ணி பட்டா எறும்பு ஊருற மாதிரி இருக்கு பஞ்சு" என்கிறார். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடிப்பு இல்லை, ஒரு பொரி இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தைப் போட்டுச் சொறிகிறார்.

காலை ஒன்று சாயந்திரம் ஒன்று என்று குளிக்கிற மனுஷன், இப்போது சாயந்திரம் ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டு படுத்துவிடுகிறார்.

உடம்புச் சூடு என்றேன். ஆமாம் என்றார். இந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, எதற்கும் போட்டு மூடிவிடலாம்.

ஜனவரி 9, வெள்ளி

காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால் பாரமாக இருக்கிறது என்றார். எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். காலையில் தலை பாரம், சுவரைப் பிடித்து நடை, சிவந்த கண். இதையெல்லாம் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கிராம்பு இருந்தது. ஒரு பொட்டலம். ஈறில் ரத்தம் வருகிறதாம், அதற்கு வாயில் அடக்கிக்கொள்கிறாராம். அந்தக் காலத்தில் குடி வாசத்தை மறைக்க ஏலக்காய். இப்போது கிராம்பு.

சாயந்திரம் பஸ் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே போய் வாசலில் நின்றேன். நான் நின்ற விதத்திலேயே இவருக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றாமல் கீழ்ப்படியில் நின்றார்.

"ஊதுங்க" என்றேன்.

என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து ஊதினார்.

ஜனவரி 10, சனி

வாசம் இல்லை. கிராம்பு வாசம்தான். "உள்ள வாங்க" என்று நான் சொல்லவில்லை. தானாக வந்தார்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

சங்கரி திருப்பூரிலிருந்து வந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. மகள் வந்தால் இவர் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார், பேச்சும் இரண்டு ஆள் பேச்சு. இன்று நாலு வாய் பொங்கலோடு இலையை மூடிவிட்டார். வயிறு திம்மென்று இருக்கிறதாம். பானையில் பால் ஊற்றச் சொன்னோம், பாதி வெளியே போனது. சங்கரி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவள் என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போய், "அப்பா மெலிஞ்சிட்டாரும்மா" என்றாள். மெலிந்திருக்கிறார். தோளளவு ஒன்றரை இஞ்ச் குறைந்திருக்கிறது. ஆனால் போன வாரம்தான் காக்கி பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துவிட்டேன், இடது பக்கம் மட்டும் இறுக்குகிறது என்றார். வலது பக்கம் சும்மா இருக்கிறதாம். இத்தனை வருஷம் தைக்கிறேன், ஒரு பக்கம் மட்டும் தொந்தி போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

சங்கரியிடம் எதுவும் சொல்லவில்லை. குடிகாரன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கினவள். இப்போதுதான் அதை மறந்திருக்கிறாள்.

ஜனவரி 18, ஞாயிறு

சங்கரியை பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். வந்ததும் சாக்கை நனைத்துப் போட்டு அதன் மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தை மாசக் குளிர். விரல்கள் பீட்ரூட் நறுக்கின கத்தி மாதிரி சிவந்திருந்தன. தொட்டால் நெருப்பு. எஞ்சின் சூடு என்றார். எத்தனை வருஷமாக எஞ்சின் பக்கத்தில் உட்காருகிறார், இந்தத் தைக்குத்தான் சுடுகிறதா.

வாயளவில் சண்டை போட்டேன். படுத்த பிறகு சாக்கை இன்னொரு தடவை நனைத்துப் போட்டேன். காய்ந்து போயிருந்தது, அதனால்.

ஜனவரி 22, வியாழன்

தலையணை உறையில் ரத்தம்.

காலையில் பாயைச் சுருட்டும்போது பார்த்தேன். உள்ளங்கை அகலம். இவர் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீர் சிவந்திருந்தது. மூக்கிலிருந்து வந்ததாம், சூட்டுக்கு வந்ததாம்.

ஊசி குத்தி என் ரத்தத்தை நான் தினம் பார்க்கிறேன். பட்டுத் துணியில் பட்டால் உடனே எச்சில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். இது அப்படி இல்லை. கறுத்துப்போய் மருதாணி அரைத்து அப்பின மாதிரி கெட்டியாக இருந்தது. பச்சைத் தண்ணீரில் அலசி அலசி எடுத்தேன். போகவே இல்லை.

ஈறில் ரத்தம் என்றார். இப்போது மூக்கில் ரத்தம். கயிறோடு குடித்தால் எது வரும் என்று ஊருக்கே தெரியும். எல்லைமுனி காட்டிக் கொடுத்துவிட்டது.

நேராகவே கேட்டேன். இல்லை என்றார். கயிற்றைப் பிடித்துச் சொல்லுங்கள் என்றேன். பிடித்துக்கொண்டே இல்லை என்றார். பொய்யும் சொல்லிக் கயிற்றையும் தொடுகிறாரே, இனி முனி சும்மா விடுமா. இவர் செத்துப்போவார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கினேன். ஆட்டின் மண்ணீரல். ரத்தம் இல்லாதவர்களுக்கு இதைவிட ஒன்று கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கும், ஆபரேஷன் ஆனவருக்கும் எங்கள் பக்கத்தில் இதுதான் கொடுப்போம். அவ்வளவு ரத்தம் போயிருக்கிறது, தலை சுற்றுகிறது, நடை தள்ளாடுகிறது. குடித்தாரோ இல்லையோ, போன ரத்தம் ஊற வேண்டுமே. மிளகு போட்டு வறுத்தேன். முருங்கைக் கீரை. மருந்துக்கடையில் இரும்புச் சத்து டானிக்கும் ஒரு பாட்டில்.

பேசாமல் தட்டில் வைத்தேன். பேசாமல் சாப்பிட்டார். பாதியில் வயிறு நிறைந்துவிட்டது என்றார். மீதியையும் சாப்பிட வைத்துத்தான் எழுந்திருக்க விட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ஜெபராஜ் வந்தான். இவர் பஸ்ஸில் கண்டக்டர். இவர் கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வந்த மாதிரி இருந்தது. டீ கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"மதினி, அண்ணனுக்கு ஒரு பத்து நாள் லீவு போடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீக" என்றான்.

ஏன் என்றேன். உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்றான். என் கண்ணைப் பார்க்கவில்லை. குடிக்கிறாரா என்று கேட்டேன். திடுக்கிட்டுப்போய், இல்லை மதினி, தினம் காலையில் டிப்போவில் மிஷின் வைத்து ஊதச் சொல்கிறார்கள், ஒரு நாள்கூட எதுவும் காட்டினதில்லை என்றான். அது காலைக் கணக்கு. சாயந்திரத்துக்கு இந்த வீட்டில் நான்தான் மிஷின்.

வேறு என்னவோ சொல்ல வந்தான். இவர் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டான். கூட வேலை பார்க்கிறவனே வந்து சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அதற்கு மேல் அவனிடம் நான் எதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறோம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். பூசாரி முன்னால் கேட்கட்டும்.

ஜனவரி 30, வெள்ளி

போய்விட்டு வந்தோம்.

கோயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு முன்னால் ஒரு சின்ன வயதுக்காரன் கயிறு கட்ட வந்திருந்தான், அவன் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து நீயும் இங்கேதான் வந்து நிற்பாய் என்று சொல்லிவிடுவேனோ என்று இருந்தது.

எங்கள் முறை வந்தது. நான்தான் சொன்னேன். கண், நடை, கிராம்பு, ரத்தம், ஒன்று விடாமல் சொன்னேன். பூசாரி இவர் கையைப் பிடித்துத் திருப்பிக் கயிற்றைப் பார்த்தார். ஆறு வருஷத்துக் கயிறு, வெளுத்துப்போய் நூல் மாதிரி ஆகியிருந்தது. "முனி முன்னாடி சொல்லு சோலைமல. குடிச்சியா?"

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அப்புறம் பூசாரி பக்கம் திரும்பி,

"குடிச்சேன்" என்றார்.

பூசாரி பழைய கயிற்றை அறுத்து விளக்கில் போட்டார். பொசுங்குகிற வாடை வந்தது. தலையிலும் கையிலும் தண்ணீர் தெளித்துப் புதுக் கயிறு கட்டினார். இனி ரத்தம் நிற்கும் என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உண்மையை ஒத்துக்கொண்டார், முனி மன்னிக்கும், சாக மாட்டார். இவர் சட்டென்று கையைச் சொறிய ஆரம்பித்தார். தண்ணீர் பட்ட இடம்.

திரும்பி வரும்போது எங்கே குடித்தீர்கள் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கடையில் என்றார். அந்தக் கடையை மூடி ஒரு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே செல்போன் கடை. நான் அங்கேதான் ரீசார்ஜ் பண்ணுகிறேன். யாரோடு என்றேன். தனியாக என்றார்.

எங்கே குடித்தால் என்ன. ஒத்துக்கொண்டார் அல்லவா.

பிப்ரவரி 1, ஞாயிறு

கயிறு மாற்றியும் அரிப்பு நிற்கவில்லை. இன்றும் சுவரொட்டி வாங்கினேன்.

பிப்ரவரி 7, சனி. மதுரை

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த டைரி எப்படி என் பையில் வந்தது என்று தெரியவில்லை. மாற்றுப் புடவை எடுக்க மறந்திருக்கிறேன், இதை எடுத்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை. காபி கொடுத்தேன். டம்ளரை வாங்கினார், வாங்கின கை அப்படியே இறங்கியது, டம்ளர் தரையில் உருண்டது. என்னவோ சொன்னார். நாக்கு புரளவில்லை, குழறலாக வந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒரு வாரம் ஆகவில்லை, விடிந்தும் விடியாமல் குடித்துவிட்டு வந்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய் சட்டையைப் பிடித்தேன்.

"ஊதுங்க" என்றேன்.

ஊதினார். காற்று என் முகத்துக்கு வரவில்லை. உதடு ஒரு பக்கம் மூடவே இல்லை, அந்தப் பக்கமாக எச்சிலோடு ஒழுகியது. மறுபடி ஊதினார். நான் சொன்னேன் என்பதற்காக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மறுபடி மறுபடி ஊதிப் பார்த்தார். முடியவில்லை. எந்த வாசமும் இல்லை. வெறும் காபி வாசம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தினேன் போலிருக்கிறது. லில்லி டீச்சர் ஓடி வந்தாள். ஜெபராஜ் கார் பிடித்து வந்தான். மதுரை வரும் வரைக்கும் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா சின்னப் பெண், சங்கரி வயதுதான் இருக்கும். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்திருக்கிறது என்றாள். சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை, பிரஷர் கொஞ்சம்தான், ஏன் அடைத்தது என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். குளித்தால் அரிக்கிறது என்று சொல்வாரா என்று கேட்டாள். சொல்வார் என்றேன். பாதம் எரியுமா. எரியும். காலையில் தலைவலி. ஆமாம். கண் மங்கல். அது எனக்குத் தெரியாது என்றேன். சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்குமா, இடது பக்கம் கனக்குமா. ஆமாம். மூக்கில் ரத்தம், ஈறில் ரத்தம். ஆமாம்.

கண்ணைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னேன். எல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தது எனக்கு. பூசாரியிடமும் இப்படித்தான் வரிசையாகச் சொன்னேன்.

"ரத்தம் அளவுக்கு மீறி ஊறுதும்மா. கெட்டியாகி ஓட மாட்டேங்குது. முகம் செவந்தது, அரிச்சது, மூக்குல வந்தது, எல்லாத்துக்கும் அதான் காரணம்" என்றாள். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தில் வருகிற கோளாறாம். சாப்பாட்டால் வந்ததில்லை, குடியால் வந்ததில்லை, யார் செய்ததும் இல்லை. தீராது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். மாத்திரை உண்டு. அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். கை திரும்பும், பேச்சும் வரும் என்றாள்.

ரத்தம் ஊற ஏதாவது டானிக் கொடுத்தீர்களா என்று கேட்டாள். கொடுத்தேன் என்றேன். திட்டவில்லை. இனி டாக்டரைக் கேட்காமல் இரும்பு டானிக் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அப்புறம் இவர் இடது விலாவுக்குக் கீழே அமுக்கிக் காட்டி, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற நர்ஸ், "ஆட்டுல சுவரொட்டின்னு சொல்வோம்லம்மா, அதுதான்" என்றாள்.

வெளியே வந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீதியையும் சாப்பிட வைத்தேனே.

பிப்ரவரி 8, ஞாயிறு

ரத்தம் எடுத்தார்கள். பை மெதுவாக, ரொம்ப மெதுவாக நிரம்பியது. தலையணை உறையில் பார்த்த அதே நிறம். யாருக்காவது கொடுப்பார்களா என்று இவர் சைகையில் கேட்டார். இல்லை, கொட்டிவிடுவோம் என்றாள் நர்ஸ். ஒரு மாதிரி ஆகிவிட்டது இவருக்கு.

எடுத்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தலை லேசாக இருக்கிறது என்று கையைக் காட்டினார். சங்கரி வந்திருக்கிறாள். அழுதுகொண்டே இருக்கிறாள். நான் அழவில்லை. எனக்கு எங்கே நேரம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பேச்சு கொஞ்சம் வருகிறது. கோர்வையாக இல்லை, ஒவ்வொன்றாக.

சங்கரி சாப்பிடப் போன நேரம் கேட்டுவிட்டேன். கோயிலில் ஏன் பொய் சொன்னீர்கள்.

கண் தெரியவில்லை என்றார். மங்கலாகி மங்கலாகி வருமாம். சில நேரம் எதிரே வருகிற வண்டி இரண்டாகத் தெரியுமாம். ஜெபராஜ்தான் முன்னால் வந்து நின்று ஸ்டாப்பைச் சொல்வானாம். அவன் அன்றைக்கு என் வீட்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வந்தது இதைத்தான்.

அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, கண் தெரியாமல். பிள்ளைகள் ஏறுகிற பஸ். இவர் மேல் எனக்கு அந்த நிமிஷம் வந்த கோபம் குடித்த காலத்தில்கூட வந்ததில்லை. படுக்கையில் கிடக்கிறவர் என்றும் பார்க்காமல் கேட்டேன், யாராவது செத்திருந்தால் என்ன பண்ணியிருப்பீர்கள் என்று. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அப்புறம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது.

"கண்ணு தெரியலன்னா... வண்டியப் புடுங்கிருவாக. குடிச்சேன்னு சொன்னா... நீ திட்டுவ. அம்புட்டுத்தான."

சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன், இவர் என்னைப் பார்க்கிறபடி.

பிப்ரவரி 12, வியாழன்

ஊசி போட இடம் மாற்ற வேண்டும், மணிக்கட்டில் இருக்கிற கயிற்றை எடுக்கலாமா என்று நர்ஸ் கேட்டாள். சாமிக் கயிறு என்று பயந்துதான் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார்.

என் பையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி எப்போதும் இருக்கும். எடுத்து நானே வெட்டினேன். பொய்க்குக் கட்டின கயிறு இது. ஆறு வருஷம் ஒரு சொட்டு படாமல் கட்டியிருந்த கயிற்றை விளக்கில் போட்டுப் பொசுக்கிவிட்டோம். நான்தான் கூட்டிப் போனேன்.

முனியிடம் கோபம் இல்லை. முனி இதில் ஒன்றுமே சொல்லவில்லை. எல்லாம் நான் சொன்னது.

பிப்ரவரி 14, சனி

ரத்தம் இரண்டாவது தடவை எடுத்தார்கள். போன தடவையைவிடச் சுருக்காக இறங்கியது. கால் எரிச்சல் குறைந்திருக்கிறது. முகத்தில் பழைய கறுப்பு எட்டிப் பார்க்கிறது. அந்தக் கறுப்பைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று பெண் பார்க்க வந்த அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வாய்க்குப் பயிற்சி கொடுக்க ஒரு பையன் வருகிறான். டம்ளரில் தண்ணீர் வைத்து உறிஞ்சு குழலைப் போட்டு, "ஐயா, ஊதுங்க" என்றான். இவர் குழலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் பலமா, இன்னும் பலமா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் தண்ணீரில் இரண்டு குமிழி வந்தது.

டிப்போவிலிருந்து ஆள் வந்தார்கள். இனி பஸ் ஓட்ட முடியாது, உள்ளே வேறு வேலை பார்க்கலாம் என்றார்கள். இவர் தலையாட்டினார். அவர்கள் போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய் ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை தினம் உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குளித்துவிட்டுத் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கிளம்பி வரவேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஜெபராஜ்தான் கார் கொண்டுவந்தான். வழியில் இவர் ஓட்டின பஸ் எதிரே வந்தது, வேறு டிரைவர். ஜெபராஜ் பேச்சை மாற்றினான். இவர் தலையைத் திருப்பி அது போகிற வரைக்கும் பார்த்தார்.

வாசலில் இறக்கினோம். ஒரு பக்கம் சங்கரி, ஒரு பக்கம் ஜெபராஜ். நான் முன்னால் போய்ப் பூட்டைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆள் வரவில்லை. கீழ்ப்படியில் நின்றுவிட்டார். கால் வலிக்கிறதாப்பா என்று சங்கரி கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். ஜெபராஜ் தூக்கப் போனான். கையை விலக்கிவிட்டார்.

என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே, முகத்தை என் பக்கம் நீட்டி, கோணின உதட்டை இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஊதினார்.

காற்று வந்தது. பலமாக இல்லை. என் கன்னத்தில் பட்டது. மாத்திரை வாசமும் ஆஸ்பத்திரி இட்லி வாசமும்.

நான் அங்கேயே நின்றேன். சங்கரி எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சரி" என்றேன். "உள்ள வாங்க."